குட்டிக்கரணம் போடும் பிள்ளைக்கு எந்த வகுப்பு?

குழந்தைகளுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

என் மகளுக்கு 6 வயது. நாள் முழுக்க வளவில் கார்ட்வீல் (கையை ஊன்றிப் பக்கவாட்டில் சக்கரம்போல் சுழல்வது) அடித்துக்கொண்டே இருக்கிறாள். இரண்டு வகுப்புகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பள்ளிக்கூட ஹாலில் நடக்கிறது, மெத்தைகள் பழசு. மற்றொன்று புதிதாகத் திறந்தது. ஏசி, கண்ணாடிச் சுவர், வண்ண வண்ண ரப்பர் தரை. கட்டணம் இரண்டு மடங்கு. எதில் சேர்க்கலாம்?
– வாசகி, காரைக்குடி

ஏசியையும் கண்ணாடியையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் இரண்டு இடங்களுக்கும் போய், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தைப் பற்றி அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம்.

முதலில் தரை. மெத்தையின்மேல் முழங்காலை ஊன்றி உங்கள் எடை முழுவதையும் போட்டுப் பாருங்கள். அடியில் இருக்கும் சிமென்ட் முழங்காலுக்குத் தட்டுப்பட்டால், அந்த மெத்தை குதித்து இறங்க லாயக்கில்லை. ஒன்றோடொன்று கோக்கும் அந்த வண்ணத் தரை பெரும்பாலும் 2 முதல் 4 செ.மீ. கனம்தான் இருக்கும். குட்டிக்கரணம், உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகள், சுவரோரம் கையில் நிற்பது, இவ்வளவுக்கு அது போதும். உயரத்திலிருந்து இறங்குவதற்கும் காற்றில் சுழல்வதற்கும் போதவே போதாது. போட்டிகளில் கருவிகளுக்கு அடியில் விரிக்கும் மெத்தையே 20 செ.மீ. கனம். புதிதாக ஒன்றைப் பழகும்போது அதன்மேல் இன்னும் மெத்தென்ற க்ராஷ் மேட்டும் (விழுவதற்கென்றே உள்ள கனமான மெத்தை) போட வேண்டும்.

பள்ளிக்கூட ஹாலில் இருப்பது தென்னை நார் மெத்தையாக இருக்கலாம். அது பழசாக ஆக நடுப்பகுதி அமுங்கிப் பள்ளமாகும், ஓரம் மேடாக நிற்கும். பிள்ளைகளுக்குக் கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். மழைக்காலத்தில் ஈரம் குடித்து இறுகியும் போகும். பழசு என்பதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள்; தையல் பிரியாமல், பள்ளம் விழாமல், இரண்டு மெத்தைகளுக்கு நடுவே கால் நுழையும் இடைவெளி இல்லாமல் இருந்தால் பழைய மெத்தையிலும் நன்றாகவே கற்றுத்தரலாம். மெத்தை விரித்த இடத்துக்குப் பக்கத்தில் தூண், ஜன்னல் கம்பி, அடுக்கிவைத்த பெஞ்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். கார்ட்வீல் கோணலாகப் போகும் பிள்ளை நேராக அங்கேதான் போய் இடிக்கும்.

அடுத்தது வரிசை. 20 பிள்ளைகள், ஒரே மெத்தை, ஒரே வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கால் நிமிடம் என்றாலும் உங்கள் மகளின் முறை 5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஒரு மணி நேர வகுப்பில் வார்ம்-அப் போக அவள் செய்தது 9 குட்டிக்கரணமாக இருக்கும், மிச்ச நேரமெல்லாம் நின்றிருப்பாள். நல்ல ஆசிரியர் ஹாலை நாலைந்து இடங்களாகப் பிரித்துவிடுவார்: ஓரிடத்தில் உருளுவது, ஓரிடத்தில் தரையில் ஒட்டிய கோட்டின்மேல் நடப்பது, ஓரிடத்தில் பெட்டியிலிருந்து குதித்து அசையாமல் நிற்பது, ஓரிடத்தில் கம்பியில் தொங்குவது. குழு சுற்றிச் சுற்றி வரும். 5 வயதுக்குக் கீழே என்றால் ஓர் ஆசிரியருக்கு 6 பிள்ளைகள், உங்கள் மகள் வயதில் 8 முதல் 10 பிள்ளைகள். அதற்குமேல் போனால் உதவியாளர் இருந்தே ஆக வேண்டும்.

மூன்றாவதாக, விழுவதற்குக் கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள். நாங்கள் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் பெரிதாக மதிக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் உருளுவதும் இறங்குவதும்தான் பாடம். இறங்கும்போது பாதம் இடுப்பகலம், முழங்கால் மடங்கி, கை முன்னால், மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்பது. பின்னால் விழ நேர்ந்தால் கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றி மணிக்கட்டையும் முழங்கையையும் உடைத்துக்கொள்வது சின்னப் பிள்ளைகளிடம் அடிக்கடி நடப்பது. குட்டிக்கரணத்தில் உச்சந்தலை தரையில் அழுந்தக் கூடாது. எடையைக் கைகள் வாங்கி மேல்முதுகுக்குக் கொடுக்க வேண்டும். தலையை ஊன்றி உருளும் பிள்ளையைப் பார்த்தும் ஆசிரியர் திருத்தாமல் "அடுத்தது" என்றால், அந்த வகுப்பு வேண்டாம்.

பீம் (சமநிலையோடு நடந்து பழகும் ஒடுங்கிய நீளக் கட்டை) இருந்தால் அதன் உயரத்தைக் கவனியுங்கள். போட்டி பீம் 5 மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். 6 வயதுப் பிள்ளைக்கு அதே அகலத்தில் தரையோடு கிடக்கும் பீம்தான் வேண்டும். அதில் திரும்ப, குதிக்க, ஒற்றைக்காலில் நிற்கப் பழகிய பிறகு ஒவ்வொரு படியாக உயர்த்துவார்கள். முதல் நாளே உயரமான பீமில் ஏற்றிப் புகைப்படம் எடுத்து அனுப்பும் வகுப்பு உங்களை மகிழ்விக்கிறது, பிள்ளைக்கு எதுவும் கற்றுத்தரவில்லை.

ஆசிரியரின் தகுதியைக் கேட்கத் தயங்காதீர்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருப்பதால் உடற்கல்வி படித்தவர்கள் நம் பக்கம் கிடைப்பார்கள். அது நமக்கு வாய்த்த நல்ல வசதி. ஆனால் பி.பி.எட். பட்டம் எல்லா விளையாட்டுக்கும் பொதுவான படிப்பு. "ஜிம்னாஸ்டிக்ஸில் தனியாக என்ன பயிற்சி எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ முறையான தகுதி. அங்கே 6 வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலுதவிப் பெட்டி, ஐஸ், அடிபட்டால் யார் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, இவற்றையும் கேளுங்கள். கழுத்தில் அடிபட்ட பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பது ஆசிரியர் வாயிலிருந்து தானாக வர வேண்டும்.

"3 மாதத்தில் பேக் ஃபிளிப் கேரண்டி" என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என் 9 வயது மகன் அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான்.
– வாசகர், பள்ளத்தூர்

அதற்கு யாரும் கேரண்டி தர முடியாது. பின்பக்கமாகக் காற்றில் சுழல்வதற்கு முன்னால் உடல் தயாராக வேண்டிய படிகள் இருக்கின்றன. மல்லாந்து படுத்து, இடுப்புக்கு மேல் உள்ள முதுகு தரையோடு ஒட்டியிருக்க, தோளையும் காலையும் லேசாகத் தூக்கி 30 நொடி தாங்க வேண்டும். சுவரைப் பார்த்தபடி கையில் 30 நொடி நேராக நிற்க வேண்டும். நின்ற இடத்தில் கைகளை மேலே வீசி, முதுகை வளைக்காமல் நேராக உயரக் குதிக்க வேண்டும். பின்னால் உருண்டு கையில் தள்ளி எழ வேண்டும். கார்ட்வீல் நேர்க்கோட்டில் போக வேண்டும், அதிலிருந்து ரவுண்ட்-ஆஃப் (கார்ட்வீல்போல் சுழன்று இரு காலையும் சேர்த்து இறங்குவது). இவை வந்த பிறகுதான் சரிவு மெத்தையில், ஆசிரியர் கை தாங்க, பின்பக்கச் சுழற்சி தொடங்கும்.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க வைத்தால் நடப்பது ஒன்றுதான். பிள்ளை மேலே குதிப்பதற்குப் பதிலாகத் தலையைப் பின்னால் எறிவான். தலை பின்னால் போனதும் உடல் வளையும், உயரம் கிடைக்காது, சுழற்சி பாதியில் நிற்கும். கீழே வருவது கையாகவோ முழங்காலாகவோ இருந்தால் அதிர்ஷ்டம், கழுத்தாக இருந்தால் ஆயுள் முழுக்கத் துன்பம். ஆசிரியரின் பலத்தால் ஒரு தடவை சுற்றிவிடுவதைக் காணொளி எடுத்து அனுப்புவார்கள். மறுநாள் பையன் தெருவில் தனியாக முயல்வான். அதை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. மகனிடம் வேண்டாம் என்று சொல்லாமல், மேலே சொன்ன படிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாக முடித்துவரச் சொல்லுங்கள்.

பேத்தியை இந்த வகுப்பில் சேர்க்கப்போவதாக மகன் சொல்கிறான். இதைச் செய்யும் பெண்களெல்லாம் குள்ளமாக இருக்கிறார்களே! உடம்பை இப்படி ஒடித்தால் பின்னாளில் இடுப்புக்கு ஆகாதே என்று கவலையாக இருக்கிறது.
– ஓர் அப்பத்தா, கானாடுகாத்தான்

ஆச்சி, உங்கள் இரண்டு கவலைக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். முதல் கவலையை விட்டுவிடலாம். பயிற்சி வளர்ச்சியைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உயரம் குறைந்தவர்களுக்குக் காற்றில் சுழல்வது எளிது என்பதால் அவர்கள் இந்த விளையாட்டில் நிலைத்து மேலே வருகிறார்கள்; கூடைப்பந்தில் உயரமானவர்கள் நிலைப்பது போல. கூடைப்பந்து ஆடியதால் அவர்கள் வளரவில்லை. ஆனால் எடை கூடக் கூடாது என்று பிள்ளையைப் பட்டினி போட்டால் வளர்ச்சியும் பருவமடைவதும் தள்ளிப்போகும். வகுப்பில் பிள்ளைகளை எடை பார்க்கிறார்களா, "குண்டு" என்று சொல்கிறார்களா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது கவலையில் நியாயம் இருக்கிறது. பின்பக்கமாக வளைவதை நாளுக்குப் பல தடவை, வயிற்றுத் தசையில் வலு சேர்க்காமல் செய்யவைத்தால் இடுப்புக்கு நேரே முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழலாம். வளையும்போது தோளும் மேல்முதுகும் திறந்துகொடுக்க வேண்டும். அது வராத பிள்ளை இடுப்பில் ஒரே இடத்தில் மடியும், வலி அங்கே தொடங்கும். நிமிர்ந்து பின்னால் சாயும்போது இடுப்பில் ஒரு பக்கமாக வலிக்கிறது என்று சொன்னால் வகுப்பை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், தைலம் தேய்த்து மறுநாள் அனுப்ப வேண்டாம். காலை விரித்து உட்காரவைத்து ஆசிரியர் மேலிருந்து அழுத்துகிறாரா என்றும் நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். அழுத்தி இறக்குவதால் தொடைத் தசை எலும்போடு சேரும் இடம் பெயரலாம். அழுதுகொண்டே ஸ்ப்ளிட் இறங்க வேண்டிய அவசியம் எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு. வளவிலேயே பழகலாமா?
– வாசகி, கோனாபட்டு

சிலவற்றைப் பழகலாம். ஆத்தங்குடிக் கல் சிமென்ட், அதன் வழுவழுப்பு பார்க்க அழகு, காலுக்கு ஆபத்து. எண்ணெய் தொட்டுத் துடைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இன்னும் வழுக்கும். காலுறை போட்டுக்கொண்டு அந்தத் தரையில் கார்ட்வீல் அடிக்கவே கூடாது. முற்றத்தின் கல் விளிம்பும் அதைச் சுற்றிய தூண்களும் தலைமட்டத்தில் காத்திருக்கின்றன.

பட்டாலையிலோ உள்ளறையிலோ சுவரோரம் யோகா விரிப்பு ஒன்றைப் போட்டு, அதன் நுனி நகராமல் சுவரோடு முட்டும்படி வைத்து, கையில் நிற்கப் பழகலாம். வயிற்றைச் சுவர்ப் பக்கம் வைத்து நிற்பதுதான் நல்லது. முதுகைச் சுவரில் சாய்த்து நின்றால் இடுப்பு வளைந்த வாழைப்பழ வடிவம் பழகிவிடும், பிறகு அதைத் திருத்த மாதக்கணக்காகும். ஒற்றைக்காலில் கண்மூடி 20 நொடி நிற்பது, குந்திய நிலையில் எழுந்து குதித்து அசையாமல் இறங்குவது, தரையில் ஒட்டிய டேப்பின்மேல் பின்னால் நடப்பது, எல்லாம் வீட்டுக்கு ஏற்றவை. நாளுக்கு 15 நிமிடம் தாராளம்.

கட்டில் மெத்தையில் குட்டிக்கரணம் போட விடாதீர்கள். பஞ்சு மெத்தையில் கை அமுங்கித் தலை மாட்டிக்கொள்ளும், மணிக்கட்டு மடங்கும், கட்டில் சட்டம் பக்கத்திலேயே இருக்கும். ட்ராம்போலின் வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை மட்டும், சுழற்சி எதுவும் இல்லாமல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க.

மகனுக்கு 8 வயது, நல்ல வேகம். தேவகோட்டையிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ வாரம் 4 நாள் காரில் கொண்டுபோய்ப் பழக்கலாமா? சின்ன ஊர் வகுப்பில் காலம் வீணாகுமோ?
– வாசகர், தேவகோட்டை

வீணாகாது. இந்த வயதில் வாரம் 2 நாள், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் போதும். ஆர்வம் அதிகமாக இருந்தால் 3 நாள். ஒரு வாரத்தில் மொத்தப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஓர் அளவு சொல்வார்கள்: 8 வயது என்றால் அதிகபட்சம் 8 மணி நேரம், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. நீங்கள் சொல்லும் கணக்கில் பயிற்சியைவிட காரில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும். தூக்கமும் வீட்டுப்பாடமும் அதில் கரையும்.

ஆண்களுக்குத் தரை, பொம்மல் ஹார்ஸ், வளையங்கள், வால்ட் (ஓடிவந்து மேடையில் கை ஊன்றித் தாண்டுவது), பாரலல் பார், ஹாரிசான்டல் பார் என 6 கருவிகள். பெண்களுக்கு வால்ட், அன்ஈவன் பார்ஸ், பீம், தரை என 4. சின்ன ஊர் வகுப்பில் இவையெல்லாம் இருக்காது, 8 வயதில் தேவையும் இல்லை. தரை, தாழ்வான கம்பி, தொங்கக் கயிறு, குதிக்கப் பெட்டி இருந்தாலே இரண்டு வருடத்துக்குப் பாடம் இருக்கிறது. சர்வதேசப் போட்டிகளில் மூத்தோர் பிரிவுக்கே பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 18 வயது ஆக வேண்டும். அவசரப்பட எதுவுமில்லை.

பெரிய ஊருக்கு மாற்றும் நேரம் எப்போது என்றால், உள்ளூர் ஆசிரியரே "இனி என்னிடம் கருவி இல்லை" என்று சொல்லும்போது. நேர்மையான ஆசிரியர் அதைச் சொல்வார். அதுவரை மாதம் ஒரு சனிக்கிழமை பெரிய மையம் ஒன்றில் பழக அனுமதி கேட்டுப் பாருங்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகள், அரசின் விளையாட்டு விடுதித் தேர்வுகள் பற்றிய விவரத்துக்கு சிவகங்கையில் உள்ள மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரை அணுகலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் அந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

கராத்தே, சிலம்பம், யோகா, ஜிம்னாஸ்டிக்ஸ் நான்கையும் ஒரே மாஸ்டர் கற்றுத் தருகிறார். சேர்க்கலாமா?
– வாசகி, புதுவயல்

நல்ல சிலம்ப ஆசிரியர் நல்ல ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியராக இருக்கலாம். அவர் அதைத் தனியாகப் படித்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. கையால் தாங்கிப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். கார்ட்வீல் அடிக்கும் பிள்ளையின் முதுகுப் பக்கம் நின்று, இடுப்பின் இரு பக்கமும் கைவைத்து அவளோடு நகர்பவருக்குத் தொழில் தெரியும். முன்னால் நின்று காலைப் பிடித்து இழுப்பவருக்குத் தெரியாது, அவருக்கே முகத்தில் உதை விழும். தெரியாதவர் என்றால் அவரிடம் சிலம்பத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.

மல்லர் கம்பம் பழகினால் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு உதவுமா?
– வாசகர், கண்டனூர்

கட்டாயம் உதவும். பிடி, தோள், வயிறு மூன்றும் அதில் வலுக்கும்; உடலைத் தலைகீழாக உணரும் பயமும் போகும். தமிழ்நாட்டில் விழுப்புரம் இதற்குப் பெயர் பெற்ற ஊர். நட்ட மரத்தில் விளக்கெண்ணெய் தடவிச் செய்வது ஒரு வகை, தொங்கும் கயிற்றில் செய்வது இன்னொரு வகை. கயிற்றில் தொடையும் கால்விரல் இடுக்கும் முதலில் உரசிச் சிவக்கும். கணுக்கால்வரை உள்ள இறுக்கமான பேன்ட் போட்டுத் தொடங்குங்கள். கயிறோ கம்பமோ, அடியில் கனமான மெத்தை வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு.

மகனுக்குத் தட்டைப் பாதம். சேர்க்க மாட்டேன் என்று ஒரு வகுப்பில் சொல்லிவிட்டார்கள்.
– வாசகி, கோட்டையூர்

திரிபுராவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகருக்கும் தட்டைப் பாதம்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் இறுதிச் சுற்றில் 15.066 புள்ளியோடு அவர் 4-வது இடம் பிடித்தார், வெண்கலம் 0.150 புள்ளியில் தவறியது. மகனைக் குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்வளைவு தெரிந்தால், வலியும் இல்லை என்றால், தடையே இல்லை. வளைவு அப்போதும் வரவில்லை, அல்லது நடந்தால் வலிக்கிறது என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். எப்படியானாலும் மறுத்த வகுப்பை விட்டுவிட்டு வேறு வகுப்பு தேடுங்கள்.

மகளுக்கு 11 வயது. கற்றுத் தருபவர் ஆண். தொட்டுத் தொட்டுத்தான் கற்றுத்தர முடியும் என்கிறார்கள். எது சரி, எது தவறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், காரைக்குடி

நீங்கள் இதைக் கேட்டது மிக நல்லது, எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும். தாங்கிப் பிடிப்பது இந்த விளையாட்டில் தவிர்க்க முடியாதது. அதற்குக் கை வைக்கும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை: தோள், மேல்முதுகு, இடுப்பின் பக்கவாட்டு, தொடையின் வெளிப்பக்கமோ பின்பக்கமோ, கணுக்கால். எங்கே, எதற்காகப் பிடிக்கப்போகிறேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்; அசைவு முடிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். தவறிக் கை வேறு இடத்தில் பட்டால் ஆசிரியர் அப்போதே மன்னிப்புக் கேட்க வேண்டும். நீட்டி மடக்கும் பயிற்சியில் ஆசிரியரின் உடல் பிள்ளைமேல் சாய வேண்டிய தேவை எதுவும் கிடையாது.

வகுப்பில் இருக்க வேண்டிய விதிகள்: கதவு திறந்திருக்கும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், தனியறையில் தனி வகுப்பு இல்லை, பிள்ளையின் போனுக்கு ஆசிரியர் நேரடியாகச் செய்தி அனுப்புவதில்லை, வெளியூர்ப் போட்டிக்குப் பெண் துணை ஒருவர் கட்டாயம் வருவார். இவற்றைச் சேரும்போதே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடம் வேண்டாம். ஒலிம்பிக் பதக்கம் வென்ற அமெரிக்கப் பெண்களையே அணியின் மருத்துவர் சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் துன்புறுத்தினார், புகார் சொன்னவர்களைப் பெரியவர்கள் நம்பவில்லை. மகள் "அவர் தொடுவது பிடிக்கவில்லை" என்று சொன்னால் காரணம் கேட்டுக் குடையாமல் முதலில் நம்புங்கள், அன்றே வகுப்பை நிறுத்துங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் பொருந்தும். கை ஓங்குவதும் பிரம்பு வைத்துக்கொள்வதும் இங்கே இன்னும் "கண்டிப்பு" என்ற பெயரில் நடக்கிறது. பயந்த பிள்ளையின் உடல் இறுகும், இறுகிய உடல் மோசமாக விழும். கண்டிப்பான ஆசிரியர் வேண்டும், அடிக்கிறவர் வேண்டாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள எங்கள் 7 வயதுப் பிள்ளைக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் உதவுமா?
– பெற்றோர், தேவகோட்டை

சமநிலைக்கும் தசை வலுவுக்கும் மிகவும் உதவும். ஆனால் சேர்க்குமுன் ஒரு வேலை இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணமும் தலைகீழ் நிற்பதும் அங்கே தண்டுவடத்தை அழுத்திவிடலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி, தேவை என்று அவர் சொன்னால் எக்ஸ்ரே எடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதுவரை உருளுவது, தலையில் நிற்பது, ட்ராம்போலின் மூன்றும் வேண்டாம். பீமில் நடப்பது, தொங்குவது, தாண்டுவது எல்லாம் செய்யலாமா என்று மருத்துவரையே கேட்டுத் தொடங்கலாம். அனுமதி கிடைத்த பிறகும் கழுத்து வலி, தலை ஒருபக்கம் சாய்வது, நடையில் மாற்றம், கை பலவீனம், அடங்கியிருந்த சிறுநீர் மறுபடி கட்டுப்படாமல் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. இந்தப் பட்டியலை ஆசிரியரிடமும் கொடுத்துவைக்கலாம்.

இரண்டு மாதமாக வகுப்பு. மகளுக்கு மணிக்கட்டு வலி. போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார் மாஸ்டர்.
– வாசகி, ஆ.தெக்கூர்

தசை வலி என்றால் இரண்டு மூன்று நாளில் போய்விடும். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டு எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது, கை ஊன்றினால் கூடுகிறது என்றால் அது வளரும் எலும்பின் முனையில் விழும் அழுத்தம். சரியாகும்வரை கையில் எடை போடும் எதுவும் வேண்டாம். காலும் வயிறும் பழகலாம். வலியோடு தொடர்ந்தால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். குதிகால் வலியும் இதே கதைதான், வெறும் சிமென்ட்டில் குதிக்க வைக்கிறார்களா என்று பாருங்கள்.

வகுப்புக்கு முன்னும் பின்னும் என்ன கொடுக்கலாம்?
– வாசகி, நாச்சியாபுரம்

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ. பணியாரம், சீயம் போன்ற எண்ணெய்ப் பலகாரம் அப்போது வேண்டாம், தலைகீழானால் எதுக்களிக்கும். முடிந்ததும் கும்மாயம் அருமையான உணவு, பருப்பும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்தது. அவித்த முட்டை, சுண்டல் எதுவும் சரிதான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வகுப்பு என்றால் தண்ணீர் இடைவேளை 15 நிமிடத்துக்கு ஒன்று வேண்டும், நேரத்தையும் காலை 8 மணிக்கு முன்னால் மாற்றச் சொல்லுங்கள்.

முதல் நாள் எப்படி அனுப்புவது?
– வாசகர், காரைக்குடி

இறுக்கமான அரைக்கால் சட்டை, உள்ளே செருகிய பனியன். பெண் பிள்ளைக்கும் அதுவே போதும், பளபளக்கும் உடை போட்டி வரும்போது வாங்கலாம். வெறுங்கால், வெட்டிய நகம், பின்னி மடித்துக் கட்டிய தலைமுடி. கொண்டையில் ஊசியோ கிளிப்போ குத்தியிருக்கக் கூடாது, உருளும்போது தலையில் ஏறும். வகுப்பு நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். முடியைத் தொட்ட கையோடு கம்பியைப் பிடித்தால் வழுக்கும். கொலுசு, வளையல், சங்கிலி, தாயத்து எல்லாம் கழற்றிவிட வேண்டும். அரைஞாண் கொடியைப் பலர் மறந்துவிடுவார்கள். கம்பியை இடுப்பால் சுற்றும்போது வெள்ளிக் கொடி வயிற்றில் அழுந்திக் காயமாகும், கயிறு என்றால் எங்காவது மாட்டும். கழற்ற வீட்டில் மனமில்லை என்றால் அதன்மேல் அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றைச் சுற்றி அனுப்புங்கள், கம்பியில் சுற்றுவதை மட்டும் தவிர்க்க வேண்டும் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.